தோட்டத்துப் பாடசாலையிலிருந்து அண்டவியல் ஆராய்ச்சிக்கு: மலையக மாணவர்களுக்கு ஒரு வழிகாட்டி

அண்டவியல், இழைக் கோட்பாடு போன்ற கோட்பாட்டுப் பௌதிகவியலுக்கு ஆய்வுகூடம் தேவையில்லை. தொலைநோக்கியும் தேவையில்லை, நுவரெலியாவை மூடிக் கிடக்கும் பனிமூட்டத்தால் இந்த வேலைக்கு ஒரு குறையும் வராது. தாள், பேனை, ஒரு மடிக்கணினி, ஓரளவுக்கு ஓடும் இணையம், அவ்வளவுதான் கருவிகள். இதைச் சொன்னதும், "அப்படியென்றால் லயத்து அறையிலேயே இருந்து படித்து ஆராய்ச்சியாளர் ஆகிவிடலாமே அண்ணா" என்று தம்பிமார் கேட்பார்கள். முடியாது. கருவி வேண்டாத துறைக்கு ஆட்கள் வேண்டும். உங்கள் கணக்கில் எங்கே பிழை என்று காட்ட ஒருவர், எந்தக் கேள்வியில் இனிச் சத்தில்லை என்று சொல்ல ஒருவர், உங்களை நம்பிப் பரிந்துரைக் கடிதம் எழுத ஒருவர்.

இலங்கைத் தமிழரான சி. ஜே. எலியேசர் கேம்பிரிட்ஜ் போய், குவாண்டம் பொறிமுறையை உருவாக்கியவர்களில் ஒருவரான போல் டிராக்கிடம் ஆய்வு மாணவராக இருந்தார். அதே டிராக்கின் இன்னொரு மாணவர் டெனிஸ் சியாமா. சியாமாவிடம் படித்தவர் ஸ்டீபன் ஹோக்கிங். இந்தத் துறை இப்படித்தான் கைமாறி வருகிறது. கீழே வரும் படிகளை எல்லாம் இந்த ஒரு கேள்வியோடு வாசியுங்கள்: இது என்னை அந்த ஆட்களுக்குக் கிட்டக் கொண்டுபோகுமா?

என்ன வேலை இது

அண்டவியல் என்பது அண்டம் முழுவதையும் ஒரே பொருளாக எடுத்து, அது எப்படி விரிந்தது, எதனால் ஆனது என்று கணக்கிடும் துறை. இன்றைய கணக்குப்படி அண்டத்தின் வயது 13.8 பில்லியன் வருடங்கள். நம் கண்ணுக்கும் கருவிக்கும் பிடிபடும் சாதாரணப் பொருள் அதில் ஏறக்குறைய 5 வீதம்; 27 வீதம் கரும்பொருள், 68 வீதம் கருஞ்சக்தி. இந்த இரண்டும் என்னவென்று இன்னும் எவருக்கும் தெரியாது. 1998-இல் தூரத்துச் சுப்பர்நோவாக்களை, அதாவது வெடிக்கும் விண்மீன்களை, அளந்த இரண்டு குழுக்கள், அண்டத்தின் விரிவு வேகம் கூடிக்கொண்டே போகிறது என்று கண்டன. அதற்கு 2011-இல் நோபல் பரிசு கிடைத்தது. இங்கே தரவு குவிந்து கிடக்கிறது, கோட்பாடுதான் பின்னால் ஓடிவருகிறது.

இழைக் கோட்பாட்டில் நிலைமை தலைகீழ். துணிக்கைகளைப் புள்ளிகளாகக் கொள்ளாமல் மிகச் சிறிய அதிரும் இழைகளாகக் கொண்டால், ஈர்ப்பையும் குவாண்டம் விதிகளையும் ஒன்றாக எழுதலாம் என்பது அடிப்படை எண்ணம். கணிதம் பொருந்திவர 10 பரிமாணங்கள் தேவைப்படுகின்றன. 1984-இல் கிரீனும் ஷ்வார்ஸும் செய்த ஒரு கணக்கு, இதைப் பலரும் பொருட்படுத்தவேண்டிய துறையாக்கியது. 1997-இல் ஹுவான் மல்டசேனா, ஈர்ப்புள்ள ஒரு வெளியையும் அதன் எல்லையில் உள்ள ஈர்ப்பில்லாத கோட்பாட்டையும் ஒன்றுக்கொன்று சமமானவையாகக் கொண்டு ஓர் ஊகத்தை முன்வைத்ததில் இருந்து ஆராய்ச்சியின் பெரும்பகுதி அந்தப் பக்கம் போனது. ஆனால் பரிசோதனை எதுவும் இழைக் கோட்பாட்டை இதுவரை உறுதிசெய்யவில்லை. யூடியூப் காணொளிகள் இதைப் பூசி மெழுகும். நீங்கள் தெரிந்துகொண்டே உள்ளே வாருங்கள்.

இரண்டில் எது என்று இப்போதே முடிவெடுக்க வேண்டியதில்லை. முதல் 5 வருடப் படிப்பு இரண்டுக்கும் ஒன்றுதான். என்னைக் கேட்டால், மலையகத்தில் இருந்து புறப்படும் ஒருவருக்கு அண்டவியல் பக்கமே கொஞ்சம் பாதுகாப்பு. அதோடு சேர்ந்து வரும் நிரலாக்கமும் தரவுப் பகுப்பாய்வும் பிறகு எங்கே போனாலும் சோறு போடும்.

உயர்தரம்: இங்கேதான் பலர் கழன்றுபோகிறார்கள்

பௌதிகவியல், இணைந்த கணிதம், இரசாயனவியல். வேறு பாடச் சேர்க்கை வேண்டாம். உயர்தரக் கணிதப் பிரிவு முறையாக நடக்கும் தமிழ்ப் பாடசாலைகள் மலையகத்தில் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான். பிரிவு இருந்தாலும் இணைந்த கணிதத்துக்கு ஆசிரியர் இருப்பார் என்பதற்கு உத்தரவாதமில்லை. ஆகவே சாதாரண தரப் பெறுபேறு வரும்வரை காத்திருக்காமல், எங்கே ஆசிரியர் இருக்கிறார் என்று முன்கூட்டியே விசாரியுங்கள். ஹட்டனா, கண்டியா, பதுளையா, யாழ்ப்பாணமா என்பதை அந்த விசாரணை முடிவு செய்யட்டும்.

ஆனால் பாடசாலை மாறும்முன் ஒன்றைக் கவனிக்கவேண்டும். பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் நாடு தழுவிய திறமை அடிப்படை, 55 வீதம் மாவட்ட அடிப்படை, 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. நுவரெலியாவும் பதுளையும் அந்தப் பின்தங்கிய பட்டியலில் உள்ளன. கண்டியும் கொழும்பும் இல்லை. நீங்கள் எந்த மாவட்டக் கணக்கில் சேருவீர்கள் என்பது பாடசாலைப் பதிவோடு தொடர்புடையது. நல்ல டியூஷன் கிடைக்கிறதென்று அவசரப்பட்டு மாறி, பிறகு இசட் புள்ளி வெட்டில் தவறவிடக் கூடாது. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் அனுமதிக் கைந்நூலை ஒரு தரம் அதிபரோடு சேர்ந்து வாசித்துவிட்டு மாறுங்கள்.

தோட்டத் தொழிலாளரின் பிள்ளைகளுக்கு உயர்தரத்துக்கும் பல்கலைக்கழகத்துக்கும் உதவித்தொகை தரும் அறக்கட்டளை ஒன்று 1940-களில் இருந்தே இயங்குகிறது: இலங்கைத் தோட்டத் தொழிலாளர் கல்வி அறக்கட்டளை. கண்டியிலுள்ள இந்திய உதவி உயர்ஸ்தானிகராலயத்தில் விசாரித்தால் விண்ணப்ப விபரம் கிடைக்கும்.

பரீட்சைக்காக மட்டும் படித்தால் இந்தத் துறை உங்களுக்குப் பிடிக்குமா என்று தெரியாமலே போய்விடும். அதைச் சோதித்துப் பார்க்க, உயர்தரக் கணிதத்தை மட்டும் வைத்துச் செய்யக்கூடிய ஒரு கணக்குத் தருகிறேன். சீரான அடர்த்தியுள்ள ஒரு தூசுக் கோளம் விரிந்துகொண்டிருக்கிறது என்று வையுங்கள். அதன் மேற்பரப்பில் உள்ள ஒரு துணிக்கையின் இயக்கப்பாட்டுச் சக்தியையும் ஈர்ப்பு அழுத்தச் சக்தியையும் கூட்டி, மாறிலி என்று எழுதுங்கள். கோளத்தின் திணிவை அடர்த்தியிலும் ஆரையிலும் எழுதி, சமன்பாடு முழுவதையும் ஆரையின் வர்க்கத்தால் வகுங்கள். வேகத்தை ஆரையால் வகுத்து வருவதுதான் ஹபிள் விகிதம். அலெக்சாந்தர் ஃபிரீட்மன் 1922-இல் ஐன்ஸ்டைனின் சமன்பாடுகளில் இருந்து எடுத்த அண்ட விரிவுச் சமன்பாடு அப்படியே உங்கள் தாளில் வந்து நிற்கும். இனி மாறிலியைப் பூச்சியமாக்கி, ஹபிள் விகிதத்துக்கு ஒரு மெகாபார்செக்குக்கு (இது ஒரு தூர அலகு, ஏறக்குறைய 3.26 மில்லியன் ஒளியாண்டு) செக்கனுக்கு 70 கிலோமீற்றர் என்று போடுங்கள். அலகுகளை மாற்றும்போதுதான் எல்லோரும் தடுமாறுவார்கள், மெதுவாகச் செய்யுங்கள். ஒரு கன மீற்றருக்கு ஐந்தாறு ஐதரசன் அணுவின் திணிவு விடையாக வரவேண்டும். அண்டத்தின் சராசரி அடர்த்தி அவ்வளவுதான். அதே 70-ஐத் தலைகீழாக்கினால் ஏறக்குறைய 14 பில்லியன் வருடம் வரும். அண்டத்தின் வயதுக்கு எவ்வளவு கிட்ட என்று பாருங்கள். இந்தக் கணக்கு ஒரு ராத்திரித் தூக்கத்தைக் கெடுத்தால் நீங்கள் இந்தத் துறைக்கு ஆள். சரியாக வந்தும் "சரி, அதனாலென்ன" என்று தோன்றினால் வேறு நல்ல துறைகள் இருக்கின்றன, வெட்கப்பட ஒன்றுமில்லை.

பல்கலைக்கழகம்

நல்ல இசட் புள்ளி வந்தால் வீட்டிலும் ஊரிலும் "இன்ஜினியரிங் போ" என்பார்கள். தோட்டத்தில் இருந்து ஒரு பிள்ளை பொறியியல் பீடம் போவது எவ்வளவு பெரிய காரியம் என்று எனக்குத் தெரியும், அவர்கள் சொல்வதில் பிழையில்லை. பொறியியல் படித்துவிட்டுப் பௌதிகத்துக்கு வந்தவர்களும் உண்டு. டிராக் முதலில் படித்ததே மின்பொறியியல்தான். ஆனால் அப்படி வருபவர் குவாண்டம் பொறிமுறையையும் புள்ளிவிபரவியல் பொறிமுறையையும் பீடத்து வேலைக்கு மேலே தனியாகப் படிக்கவேண்டும். மனம் முழுக்க இந்தப் பக்கம் என்றால் விஞ்ஞான பீடம்தான் நேர்வழி.

நமக்குக் கிட்ட இருப்பது பேராதனை. பௌதிகவியலையும் கணிதத்தையும் சேர்த்து எடுங்கள், மூன்றாவது பாடமாகக் கணினி அல்லது புள்ளிவிபரவியல். 4 வருடச் சிறப்புப் பட்டத்துக்குப் போகவேண்டும், 3 வருடப் பொதுப் பட்டம் வெளிநாட்டு விண்ணப்பங்களில் பல இடங்களில் போதாது. சிறப்புப் பட்டத்துக்கான தெரிவு ஆரம்ப வருடப் பெறுபேறுகளை வைத்தே நடக்கிறது. முதல் வருடம் ஆங்கில மூல விரிவுரையில் திணறித்திணறி, இரண்டாம் வருடம்தான் தெளிந்து எழுந்து, அதற்குள் கதவு சாத்தப்பட்ட கதைகள் நிறைய. உயர்தரம் எழுதிவிட்டுப் பல்கலைக்கழகம் திறக்கும்வரை கிடைக்கும் அந்த நீண்ட மாதங்களில், நீங்கள் தமிழில் படித்த அதே பௌதிகத்தை ஓர் ஆங்கில நூலில் மறுபடி வாசியுங்கள். விடயம் ஏற்கெனவே தெரியும் என்பதால் மொழி மட்டும்தான் வேலை.

மகாபொல புலமைப்பரிசில் கிடைக்கலாம், கிடைக்காதவர்களுக்கு உதவிப்பணம் உண்டு. எது கிடைத்தாலும் சிக்கனமாகத்தான் ஓடும்.

நான்காம் வருட ஆய்வுத் திட்டத்துக்கு இழைக் கோட்பாட்டு வழிகாட்டி கிடைப்பார் என்று எதிர்பார்க்காதீர்கள். அந்தத் துறையில் இயங்கும் பெரிய குழு இலங்கையில் இல்லை. பொதுச் சார்பியல், கணிதப் பௌதிகம், கணினி வழி உருவகம், எது கிடைத்தாலும் போதும். தலைப்பை விட, வாரா வாரம் உட்கார்ந்து பேசும் விரிவுரையாளர் யார் என்பதைப் பாருங்கள். பின்னால் கடிதம் எழுதப்போவது அவர்தான். ஹந்தானையில் இருக்கும் தேசிய அடிப்படை ஆய்வுகள் நிறுவனமும் பேராதனையில் இருந்து கூப்பிடு தூரம். அங்கே நடப்பது பெரும்பாலும் பரிசோதனை ஆராய்ச்சி, ஆனாலும் ஆராய்ச்சி வாழ்க்கை என்றால் எப்படி இருக்கும் என்று கிட்ட நின்று பார்க்கலாம்.

படிக்கும் ஒழுங்கு

மரபுப் பொறிமுறையில் லக்ராஞ்சியன், ஹமில்டனியன் முறைகள், மின்காந்தவியல், குவாண்டம் பொறிமுறை, புள்ளிவிபரவியல் பொறிமுறை, சிறப்புச் சார்பியல். இவை முடிந்த பிறகு பொதுச் சார்பியலும் குவாண்டம் புலக் கோட்பாடும். இவை இரண்டும் கையில் வந்த பிறகுதான் இழைக் கோட்பாடு. கூடவே கணிதத்தில் நேரியல் அட்சரகணிதம், வகையீட்டுச் சமன்பாடுகள், சிக்கலெண் பகுப்பாய்வு, கூட்டக் கோட்பாடு, தென்சர்.

குறுக்கு வழி தேடி இழைக் கோட்பாட்டை இரண்டாம் வருடத்தில் திறக்கவேண்டாம். திறந்தால் முதல் அத்தியாயத்திலேயே, ஓர் இழை என்பது எண்ணற்ற எளிய இசை அலையிகளின் கூட்டம், அவை ஒவ்வொன்றையும் குவாண்டமாக்கு என்று வரும். ஒரே ஓர் அலையியைக் குவாண்டம் பொறிமுறையில் கரைத்துக் குடித்தவருக்கு அது விளையாட்டு, மற்றவருக்குச் சுவர். கேம்பிரிட்ஜின் டேவிட் டொங் எழுதிய விரிவுரைக் குறிப்புகள் இந்த ஏணி முழுவதுக்கும் இலவசமாக இணையத்தில் கிடக்கின்றன, இழைக் கோட்பாடு உட்பட. காணொளி பார்ப்பதைப் படிப்பு என்று எண்ணவேண்டாம். கணக்குகளைச் செய்யுங்கள்.

பைதன் மொழியையும் தொடங்கிவிடுங்கள். அண்டத்தின் தொடக்க காலத்தில் இருந்து மிஞ்சிய ஒளியான அண்ட நுண்ணலைப் பின்னணியைக் கணிக்கும் கேம்ப் (CAMB), கிளாஸ் (CLASS) என்ற மென்பொருள்கள் இலவசம். அந்தப் பின்னணியை 2009 முதல் 2013 வரை அளந்த பிளாங்க் செய்மதியின் தரவும் எல்லோருக்கும் திறந்திருக்கிறது. மஸ்கெலியாவில் இருக்கும் ஒரு மாணவிக்கும் பிரின்ஸ்டனில் இருக்கும் ஒரு மாணவிக்கும் இந்தத் தரவில் ஒரு வித்தியாசமும் இல்லை.

ஆய்வுக் கட்டுரைகளுக்கு ஆர்க்கைவ் (arXiv). 1991-இல் போல் கின்ஸ்பார்க் தொடங்கிய இந்த இலவசக் களஞ்சியத்தில்தான் நம் துறையின் கட்டுரைகள் எல்லாம் முதலில் வருகின்றன. அன்றைய புதுப் பட்டியல் அமெரிக்காவில் இரவு 8 மணிக்கு வெளியாகும். நமக்கு அது திங்கள் முதல் வெள்ளி வரை விடியற்காலை 5.30 அல்லது 6.30. அம்மாமார் பிரட்டுக்குப் புறப்படும் நேரம். மூன்றாம் வருடத்தில் இருந்து தினமும் தலைப்புகளையும் சுருக்கங்களையும் மட்டும் வாசித்து வாருங்கள். ஆரம்பத்தில் ஒன்றும் விளங்காது. ஒரு வருடம் போனால் யார் யார் எதில் வேலை செய்கிறார்கள் என்ற வரைபடம் தலைக்குள் வந்துவிடும்; விண்ணப்பிக்கும் நேரத்தில் அதுதான் கைகொடுக்கும்.

வெளியே போவது

முதலில் பார்க்கவேண்டியது இத்தாலியின் திரியெஸ்ட் நகரில் உள்ள சர்வதேசக் கோட்பாட்டுப் பௌதிக மையம். பாகிஸ்தானியரான அப்துஸ் சலாம் 1964-இல் இதைத் தொடங்கியதே நம்மைப் போன்ற நாட்டுப் பிள்ளைகளுக்காகத்தான். அங்கே ஒரு வருட டிப்ளோமா உண்டு, உயர்சக்திப் பௌதிகமும் அண்டவியலும் சேர்ந்த பிரிவு அதில் ஒன்று. கட்டணம் இல்லை, வாழ்க்கைச் செலவையும் அவர்களே பார்க்கிறார்கள். நம் பட்டத்துக்கும் கலாநிதிப் படிப்புக்கும் இடையில் இருக்கும் பள்ளத்தை நிரப்ப இதைவிடப் பொருத்தமான ஏற்பாட்டை நான் காணவில்லை. கனடாவின் பெரிமீற்றர் நிறுவனமும் இதேபோல் ஒரு வருட முதுமாணிப் படிப்பு நடத்துகிறது, போட்டி கடுமை.

அடுத்தது இந்தியா. சென்னை தரமணியில் கணித அறிவியல் நிறுவனம், பெங்களூரில் கோட்பாட்டு அறிவியலுக்கான சர்வதேச மையம், மும்பையில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம், அண்டவியலுக்குப் புனேயில் பல்கலைக்கழகங்களுக்கிடையிலான வானியல் மையம். இவை உலகத் தரத்தில் வைத்துப் பேசப்படும் இடங்கள். சென்னைக்கு ஒரு மணித்தியாலச் சொச்ச விமானப் பயணம்தான், சாப்பாடும் பேச்சும் பழகியது. வெளிநாட்டு மாணவருக்கான விதிகள் இடத்துக்கு இடம் வேறு, நேரடியாக எழுதிக் கேளுங்கள். பட்டம் முடியும்முன் ஒரு பாசறைக்கோ குறுகிய வருகைக்கோ போய்வர முடிந்தால் மிக நல்லது. கொழும்பு இந்திய உயர்ஸ்தானிகராலயம் வருடாவருடம் அறிவிக்கும் புலமைப்பரிசில்களையும் கவனியுங்கள்.

அமெரிக்காவில் பட்டம் முடித்ததும் நேராகக் கலாநிதிப் படிப்பில் சேரலாம். 5 முதல் 6 வருடம் ஆகும். கற்பித்தல் உதவியாளராக வேலை செய்வீர்கள், கட்டணமும் கொடுப்பனவும் பல்கலைக்கழகத்தின் பொறுப்பு. விண்ணப்பம் டிசம்பரில் முடியும். விண்ணப்பக் கட்டணம் ஒவ்வொன்றும் நம் பணத்துக்குக் கை சுடும் தொகை, ஆகவே கட்டண விலக்குக் கேட்டு எழுதுங்கள். பல இடங்களில் தருகிறார்கள், கேட்டால் மரியாதை குறையாது. ஐரோப்பாவில் முதுமாணி முடித்தபின் 3 முதல் 4 வருடம்.

இதில் எந்த இடத்திலும் ஏஜென்சிக்குக் காசு கட்டத் தேவையில்லை. கலாநிதிப் பட்ட இடம் வாங்கித் தருவதாக எவராவது பணம் கேட்டால் கதவைச் சாத்துங்கள். கட்டுரை வெளியிடக் காசு கேட்டு மின்னஞ்சல் அனுப்பும் சஞ்சிகைகளும் இதே வகைதான். நம் துறையின் முக்கிய சஞ்சிகைகள் பலவற்றில் எழுதுபவர் காசு கட்டுவதில்லை.

பேராசிரியருக்கு எழுதும் கடிதம் சுருக்கமாக இருக்கட்டும். நீங்கள் யார், அவருடைய எந்தக் கட்டுரையை வாசித்தீர்கள், அதில் எந்தப் படி உங்களுக்கு விளங்கவில்லை அல்லது எதைத் தொடர்ந்து கணக்கிட்டுப் பார்த்தீர்கள், என்ன கேட்கிறீர்கள். பத்து வரி. வறுமையை உருக்கமாக எழுதவேண்டாம், "மதிப்புக்குரிய ஐயா" என்று மூன்று தரம் வணங்கவும் வேண்டாம். ஒரே கடிதத்தைப் பெயர் மாற்றி ஐம்பது பேருக்கு அனுப்பினால் அவர்களுக்குத் தெரிந்துவிடும். பதில் வராவிட்டால் இரண்டு வாரம் கழித்து ஒரு தரம் நினைவூட்டலாம்.

மேற்பார்வையாளரைத் தெரிவுசெய்யும்போது பல்கலைக்கழகத்தின் பெயரை விட, அவருடைய பழைய மாணவர்கள் இப்போது எங்கே என்று தேடுங்கள். ஆர்க்கைவில் அவர்களின் பெயரைப் போட்டாலே தெரியும். கலாநிதிப் பட்டத்தின் பின் எழுதுவதை நிறுத்திய பெயர்களே அதிகம் என்றால், காரணத்தை அவரிடமே மரியாதையாகக் கேளுங்கள்.

பட்டத்துக்குப் பிறகு, வீட்டுக் கணக்கு

கலாநிதிப் பட்டம் முடிந்தால் வேலை நிரந்தரம் என்று வீட்டில் நினைப்பார்கள். அதன்பின் பட்டப்பின் ஆய்வாளராக 2 அல்லது 3 வருட ஒப்பந்தங்கள் வரும், பெரும்பாலும் இரண்டு மூன்று இடங்களில், வெவ்வேறு நாடுகளில். நிரந்தரப் பதவிகள் மிகக் குறைவு, இழைக் கோட்பாட்டில் இன்னும் குறைவு. கெட்டிக்காரர் பலர் இங்கே இறங்கி மென்பொருள், நிதித்துறை, தரவு விஞ்ஞானம் என்று போகிறார்கள். பேராதனைக்கோ யாழ்ப்பாணத்துக்கோ விரிவுரையாளராகத் திரும்பி வருபவர்களும் உண்டு. அப்படி ஒருவர் வந்தால் அடுத்த பிள்ளைக்குக் கிட்டவே ஓர் ஆள் இருப்பார், அதை நான் பெரிய விடயமாக நினைக்கிறேன்.

மூத்த பிள்ளை என்றால், 22 வயதில் வீட்டுக்குக் காசு தரத் தொடங்கவேண்டியவர் 30 வரை படிக்கிறார் என்பதை வீட்டாரிடம் முன்கூட்டியே பேசவேண்டும். கலாநிதிக் காலக் கொடுப்பனவில் மிச்சம் பிடித்து வீட்டுக்குச் சிறிது அனுப்ப முடியும், ஆனால் வீடு கட்டும் அளவுக்கு வராது. தங்கச்சிமாருக்கு இதோடு கல்யாணப் பேச்சும் சேர்ந்துகொள்ளும். பட்டம் முடியும் வருடத்தில் அந்தப் பேச்சு வரும் என்று தெரிந்தே, வெளிநாட்டு விண்ணப்பத்தை அதற்கு முந்திய வருடமே வீட்டுக்குப் பழக்கிவிடுங்கள். அம்மாவை ஒரு தரம் பேராதனைக்குக் கூட்டிவந்து விரிவுரையாளரோடு பேச வைப்பது பத்து வாக்குவாதத்துக்குச் சமம்.

பெயரும் பத்திரங்களும்

இதைக் கடைசியில் எழுதினாலும் முதலில் செய்யுங்கள். தோட்டத்துப் பிறப்புச் சான்றிதழ்களில் பெயர் ஒரு மாதிரி, அடையாள அட்டையில் ஒரு மாதிரி, பரீட்சைச் சான்றிதழில் இன்னொரு மாதிரி இருப்பது நம்மிடையே சர்வசாதாரணம். கடவுச்சீட்டும் விசாவும் எடுக்கும் நேரத்தில் இது மாதக்கணக்கில் இழுத்தடிக்கும். உயர்தரத்துக்குப் பதிவு செய்யும்முன் மூன்றையும் பக்கத்தில் வைத்து எழுத்துக்கு எழுத்துப் பாருங்கள். வித்தியாசம் இருந்தால் பிரதேச செயலகத்தின் பதிவாளர் பிரிவில் திருத்த விண்ணப்பம் கொடுங்கள். பிறப்புச் சான்றிதழின் ஆங்கில மொழிபெயர்ப்பைச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் செய்து சில பிரதிகள் வைத்திருங்கள்.

நம் பெயரில் குடும்பப் பெயர் கிடையாது, அப்பாவின் பெயர் முதலெழுத்தாக முன்னால் நிற்கும். வெளிநாட்டுப் படிவங்களில் எது முதற்பெயர், எது குடும்பப் பெயர் என்று எழுதுவது என ஒரு முடிவெடுத்து, கடவுச்சீட்டிலும் விண்ணப்பங்களிலும் முதல் கட்டுரையிலும் அதையே எழுதுங்கள். கட்டுரைகள் கடைசிப் பெயரை வைத்துத்தான் தேடப்படுகின்றன. இடையில் மாற்றினால் இரண்டு ஆட்களாகப் பிரிந்துபோவீர்கள். ஓர்க்கிட் (ORCID) என்ற இலவச ஆய்வாளர் இலக்கத்தையும் முதல் கட்டுரைக்கு முன்பே எடுத்துவிடுங்கள். ஆர்க்கைவில் முதல் தரம் கட்டுரை ஏற்ற, ஏற்கெனவே அங்கே எழுதும் ஒருவரின் ஒப்புதல் கேட்கப்படலாம். மேற்பார்வையாளரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.